400 ரூபாயும் ஒரு கையெழுத்தும்



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்கண்ணே" என்று மாணவர் பேரவைத் தம்பிகள் இருவர் கடைக்கு வந்து கேட்டபோது, என் கையில் எரிந்துபோன ஒரு காயில் இருந்தது. "எனக்குக் காயில் சுத்தத்தான் தெரியும். கட்டுரையெல்லாம் வராதுப்பா" என்றேன். "அதையே எழுதுங்கண்ணே" என்றார்கள். எழுதிவிட்டேன். கவிதைகளுக்கும் கடி ஜோக்குகளுக்கும் நடுவே இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

2012-ல் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் முதல் வேலையாக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். அப்பாவும் கூடவே வந்தார். பதிவு அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இனி ஈ.பி.யிலிருந்து லெட்டர் வந்துரும்டா" என்றார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் அதையே சொன்னார்.

லெட்டர் வரவில்லை. ஒரு வருடம் அப்ரண்டிஸ், அதன்பின் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. 2016-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டுக்கு நான் ஒரே மகன். பெட்டியைக் கட்டிக்கொண்டு வேடசந்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கே திரும்பிவிட்டேன்.

2017-ல் என் பதிவுக்கு ஐந்து வருடம் நிறைந்தது. அதுதான் வேலையில்லாதோர் உதவித்தொகைக்குத் தகுதி. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தமிழக அரசு அந்தத் தொகையை இரண்டு மடங்காக்கியிருந்தது. என் படிப்புக்கு மாதம் 400 ரூபாய், மூன்று ஆண்டு வரை. வி.ஏ.ஓ.விடமும் ஆர்.ஐ.யிடமும் நடையாய் நடந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,200 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்தது.

அந்தப் பணத்தை நான் கேவலமாகப் பேச மாட்டேன். அப்பாவின் மாத்திரைச் செலவில் ஒரு பகுதி அதில்தான் ஓடியது. கை நீட்டிக் கடன் கேட்காமல் மருந்துக்கடைக்குப் போனவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் நண்பர்களே, அதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'நான் எதுவும் செய்யவில்லை' என்பதுதான் அந்தப் பணத்துக்கான என் தகுதி. மூன்று வருடம் படித்து வாங்கிய டிப்ளமோவைவிட, சும்மா இருக்கிறேன் என்ற செய்திக்குத்தான் அங்கே மதிப்பு.

சும்மா இருக்க முடியாமல், பக்கத்து ஊரில் ஒரு அண்ணன் நடத்திய ரீவைண்டிங் பட்டறையில் போய் உட்கார ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் விவசாயம் முக்கால்வாசி போர்வெல்லை நம்பித்தான். மும்முனை மின்சாரம் வராத நேரத்தில் கண்டன்சரைப் போட்டு இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுவார்கள். காயில் சூடேறிக் கருகும். வோல்டேஜ் குறைந்தால் கருகும். தண்ணீர் கீழே இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினாலும் கருகும். பட்டறையில் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அந்த அண்ணன் எட்டாவது படித்தவர். எப்படிச் சுற்றுவது என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஏன் எரிந்தது என்பது எனக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தபோதுதான் தொழில் பிடிபட்டது. எத்தனை ஸ்லாட், எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, என்ன பிட்ச் என்று ஒவ்வொரு மோட்டாரையும் பிரிக்கும்போதே எண்ணி ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்தேன். எந்த ஊர் மோட்டார், எதனால் எரிந்தது, என்ன கூலி என்பதும் அதில் இருக்கும். மெஷின்ஸ் பேப்பரில் விண்டிங் டயகிராம் வரைய அழுத கைதான் இது! அண்ணன் முதலில் டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் மோட்டாருக்கு இவ்வளவு என்று கையில் காசு கொடுக்க ஆரம்பித்தார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. உதவித்தொகை தொடர வேண்டுமென்றால், வருடத்துக்கு ஒருமுறை சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். 'நான் எந்த வேலையிலும் இல்லை, சுயதொழிலும் செய்யவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 2018 ஜூனில் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். விரல் இடுக்கில் வார்னிஷ் கறை. பின்னால் நின்றவர் பார்த்துவிட்டு, "போடுங்க தம்பி, எல்லாரும் போடுறதுதானே. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார்.

யாரும் பார்க்கப் போவதில்லைதான். ஆனாலும் பேனா ஓடவில்லை. நேர்மை என்று பெருமையடிக்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதம் காசு வாங்கியவன்தானே நான்! எனக்கு வந்தது வேறு பயம். இந்தக் கையெழுத்தைப் போட்டால் அடுத்த ஒரு வருடத்துக்கு இந்தத் தொழிலை நான் ஒளித்துச் செய்ய வேண்டும். போர்டு வைக்க முடியாது. கடன் கேட்க முடியாது. 400 ரூபாய்க்காக என் கையை நானே கட்டிப் போடுகிறேனோ என்று தோன்றியது.

வரிசையை விட்டு விலகி கவுண்டருக்குப் பக்கவாட்டில் போய், "சார், தொகையை நிறுத்திக்கிட்டா என் பதிவு போயிருமா?" என்று கேட்டேன். "பதிவு அப்படியே இருக்கும்பா, காலத்துல புதுப்பிச்சா போதும்" என்றார். அவரே, "தொழில் தெரியும்னா மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்ப் பாரு" என்றும் சொன்னார். வாங்கிய 4,800 ரூபாயோடு என் உதவித்தொகை முடிந்தது.

வீட்டில் அம்மா அழுதார். "குடுக்குற காச வேணாம்னுட்டு கடன் வாங்கப் போறியா? உனக்கென்ன கிறுக்கா?" அம்மாவின் கணக்கில் தப்பே இல்லை. அரசாங்கம் 400 கொடுக்கிற இடத்திலிருந்து, நான் மாதம் ஐயாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டிய இடத்துக்குப் போகிறேன்.

தொழில் மையத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஏற்கெனவே கடை நடத்துறீங்களா?" என்பது. இல்லை என்றதும்தான் மேலே பேசினார்கள். பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் கடன். ஓடிக்கொண்டிருக்கும் கடைக்குக் கிடையாது. அவசரப்பட்டு முதலில் போர்டு மாட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பித்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் திட்ட மதிப்பு 4,00,000 ரூபாய். பிற்படுத்தப்பட்ட வகுப்பு, கிராமப்புறம் என்பதால் அன்றைய விதிப்படி என் பங்கு 5 சதவீதம், அதாவது 20,000. மானியம் 35 சதவீதம், அதாவது 1,40,000. மீதி கடன். மானியம் என்றதும் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பெயரில் வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாக இருக்கும். தொழில் உண்மையாக நடக்கிறதா என்று வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். நடுவில் கடையை மூடினால் அது நமக்கில்லை.

தேர்வுக்குழு நேர்காணலில், "மாசம் எத்தனை மோட்டார் வரும்? எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டார்கள். நோட்டை எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்த்தவர்கள் அடுத்த கேள்வியே கேட்கவில்லை.

ஆனால் வங்கி வேறு உலகம். முதலில் போன வங்கியில் மூன்று மாதம் இழுத்தடித்து, "நிலப் பத்திரம் இருக்கா?" என்றார்கள். 10 லட்சம் வரை சிறு தொழிலுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது அன்றைய ரிசர்வ் வங்கி விதி. அதைப் பணிவாகச் சொன்னேன். பணிவாகவே திருப்பி அனுப்பினார்கள். வேறு வங்கிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது வங்கியின் மேலாளர் விவசாயக் குடும்பத்துக்காரர். நோட்டைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்லயும் இப்படித்தான் கருக்குறாங்க" என்று சிரித்தார். தொழில்முனைவோர் பயிற்சியையும் முடித்தேன். 2019 தை மாதம் கடை திறந்தேன்.

திறந்ததும் பணம் கொட்டியது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. தக்காளிக்கு விலை இல்லை என்றால் என் கூலியும் வராது. மூன்றாவது மாதமே தவணை தவறியது. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. அன்று இரவு அந்த 400 ரூபாயை நினைத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை. தப்பு தொழிலில் இல்லை, என் கணக்கில்தான். தாமிரக் கம்பியை ரொக்கத்துக்கு வாங்கி, கடனுக்குச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதன்பின் ஒரே விதி: கம்பிக் காசு முன்பணம், கூலி அறுவடைக்கு. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். அடுத்த கோடையில் திரும்பி வந்தார்கள். தவணையும் தவறவில்லை, தோடும் திரும்பி வந்தது.

2020 ஊரடங்கிலும் விவசாய இயந்திரப் பழுதுபார்ப்புக்கு விலக்கு இருந்ததால் தப்பித்தேன். 2022-ல் ஆய்வு முடிந்து 1,40,000 கடனில் கழிந்தது. 2024-ல் மீதிக் கடனும் முடிந்தது. இன்று என்னிடம் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவன் நம் பாலிடெக்னிக்தான், இரண்டு அரியர்ஸ் வைத்திருக்கிறான். பேர் சொல்ல மாட்டேன்!

தம்பி தங்கைகளே, அரசு உதவித்தொகை கொடுத்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் வாங்குகிற நாளிலேயே ஏதாவது ஒரு பட்டறையில் போய் உட்காருங்கள், ஒரு நோட்டுப் போடுங்கள். மானியமும் விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் மாவட்டத் தொழில் மையத்திலேயே நேரில் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். திட்டம் கடனைத்தான் தரும். 'மாசம் எத்தனை மோட்டார்?' என்ற கேள்விக்குப் பதில் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இன்னும் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அட்டை அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அவர் இப்போது கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற மோட்டாரை எண்ணுகிறார். தபால்காரர் அந்தப் பக்கம் போனால் மட்டும் ஒரு நிமிடம் எண்ணிக்கையை மறந்துவிடுகிறார்.

— முன்னாள் மாணவன், மின்னியல் துறை (2012)