பாட்டு எப்போ வரும்? - கோவா கடற்கரை இசையும் ஓர் அம்மாவின் பயமும்

சைகடெலிக் டிரான்ஸ். சுருக்கமாக, சைட்ரான்ஸ். ஒரு பாட்டு எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் ஓடும். பாடகர் பெரும்பாலும் கிடையாது. பல்லவி, சரணம் கிடையாது. 'டும் டும் டும்' என்று ஒரே சீராக அடி விழுந்துகொண்டே இருக்கும். முதல்முறை கேட்பவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில், "சரி, பாட்டு எப்போ வரும்?" என்பார்கள். சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்கு அது நியாயமான கேள்விதான்.

சென்னையில் ஐ.டி வேலை பார்க்கும் 26 வயது இளைஞன் ஒருவனும் அதையேதான் கேட்டான். அவனுக்கு இரவுப் பணி. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது இளையராஜா, ரஹ்மான், அனிருத் என்று மாற்றி மாற்றிக் கேட்பான். அதில் ஒரு சிக்கல். தெரிந்த பாட்டு வந்தால் மனசு வரிகளோடு போய்விடும், கை கீபோர்டில் நின்றுவிடும். "வார்த்தையே இல்லாததைக் கேளுடா" என்று பக்கத்து இருக்கை நண்பன் ஒரு பட்டியலை அனுப்பினான். முதல் நாள் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டான். இரண்டு வாரம் கழித்து, வேறு எதையும் கேட்கப் பிடிக்காத ஒரு அதிகாலை 3 மணிக்கு மறுபடி ஓட விட்டான். ஓட விட்டதையே மறந்தும் போனான்.

கவனம் திரும்பியபோது 40 நிமிடம் ஓடியிருந்தது. அதே 'டும் டும்'தான். ஆனால் அதன் மேலே ஏதோ ஒன்று வளைந்து, நெளிந்து, தண்ணீரில் எண்ணெய் பரவுகிற மாதிரி நிறம் மாறிக்கொண்டிருந்தது. அது எங்கே தொடங்கியது என்று பின்னால் தள்ளித் தள்ளித் தேடினான். தொடக்கம் சிக்கவே இல்லை. அன்றைக்குப் பிடித்ததுதான்.

இந்த இசை வேலை செய்கிற விதமே அதுதான். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 140 அடி. ஒவ்வோர் அடியையும் நாலாகப் பிரித்து, வாயால் வேகமாக 'தகதிமி தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள். 'த' விழும் இடத்தில் டிரம். 'கதிமி' விழும் மூன்று இடங்களில் பேஸ். பெரும்பாலான சைட்ரான்ஸ் பாட்டுகளின் எலும்புக்கூடு இவ்வளவுதான். சில இடங்களில் திடீரென்று 'தகிட தகிட' என்று மூன்றாக மாறும்போது, நிற்கிற தரையே சாய்ந்தது போலிருக்கும்.

இந்த எலும்புக்கூடு மாறாது. மேலே இருப்பதுதான் மாறும். அதுவும் சட்டென்று மாறாது. 32 அடிக்கு ஒருமுறை, அதாவது சுமார் 14 நொடிக்கு ஒருமுறை, எங்கோ ஒரு சின்னச் சத்தம் சேரும் அல்லது விலகும். மெட்டு எப்போது வரும் என்று காத்திருப்பவருக்கு இது எதுவும் கேட்காது. காத்திருப்பதை நிறுத்தியவருக்குக் கேட்கும்.

அவன் வீட்டில் பிரச்னை வந்தது வேறு வழியில். ஒருநாள் அவன் போன் சார்ஜில் இருந்தது, திரையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் பெயர் தெரிந்தது: 'எல்.எஸ்.டி'. ஹாலுசினோஜென் என்ற பெயரில் இங்கிலாந்தின் சைமன் போஸ்ஃபோர்டு 1995-ல் வெளியிட்ட 'ட்விஸ்டட்' ஆல்பத்தின் முதல் பாட்டு. இந்த உலகில் அது ஒரு செவ்வியல் படைப்பு. தங்கைக்கு அதெல்லாம் தெரியாது. "அம்மா, அண்ணன் எல்.எஸ்.டி கேக்குறான்" என்று போய்ச் சொன்னாள். அம்மா கூகுள் செய்தார். வந்ததெல்லாம் போதைப்பொருள், போலீஸ், கோவா. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இந்த இசையின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 'சைகடெலிக்' என்பது மனநல மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் 1956-ல் உருவாக்கிய சொல். மனதை வெளிக்காட்டுவது என்று பொருள். எல்.எஸ்.டி போன்ற பொருள்களைக் குறிக்கத்தான் அவர் அதை உருவாக்கினார். கோவா கடற்கரைக் கொண்டாட்டங்களில் அந்தப் பொருள்கள் இருந்தன, இப்போதும் பிடிபடுகின்றன. அதனால் உயிர் போன இளைஞர்களும் உண்டு. 1985-ம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி வைத்திருப்பதே குற்றம், சிறைத்தண்டனை உண்டு. "இசை வேறு, போதை வேறு" என்று ரசிகர்கள் ஒரே வரியில் கடந்துவிடுவதில் முழு நேர்மை இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. ஆனால் ஒன்றைத் தொடாமல் இன்னொன்றைக் கேட்க முடியும், பலர் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பதும் உண்மை.

அந்த வீடு கோவாவின் அஞ்சுனா. 1960-களின் கடைசியில் இருந்து ஹிப்பிகள் வந்து தங்கிய கிராமம். முதலில் அங்கே கிதாரும் ராக் இசையும்தான். 1980-களில் ஐரோப்பாவில் இருந்து எலெக்ட்ரானிக் இசை கேசட்டுகளாக வந்து சேர்ந்தது. வெயிலிலும் மணலிலும் இசைத்தட்டு வளைந்துபோகும் என்பதால் கேசட்தான் வசதி, பிறகு 'டாட்' என்ற டிஜிட்டல் டேப். அங்கே வாசித்த டி.ஜே-க்களில் லாரன்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வேலை செய்தார். பாட்டுகளில் குரல் வரும் பகுதியை வெட்டிவிட்டு, இசை மட்டும் இருக்கும் துண்டுகளை ஒட்டி நீட்டினார். ஆக, 'பாட்டு எப்போ வரும்' என்ற கேள்விக்கு வரலாறு சொல்லும் பதில், அதை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்பதுதான்!

இன்னொருவர் கோவா கில். 1951-ல் கலிஃபோர்னியாவில் பிறந்து, 1970-களின் தொடக்கத்திலேயே கோவாவுக்கு வந்து, ஜூனா அகாடாவில் தீட்சை பெற்று சாதுவானவர். ஜடாமுடியும் தாடியுமாக, டாட் டேப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு, இடைவெளியே இல்லாமல் 24 மணி நேரம் வாசிப்பார். இரவில் இருட்டான, கரடுமுரடான இசை. விடியும்போது மெல்ல மெட்டு எட்டிப் பார்க்கும். சைட்ரான்ஸைப் பாட்டு பாட்டாகப் பிரித்துக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். முழு இரவையும் ஒரே கச்சேரியாக வைத்து உருவான இசை இது. நம் ஊரில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை ஐந்து நிமிட வீடியோவாகப் பார்ப்பது போலத்தான் அது.

1990-களின் நடுவில் இது லண்டன் போனது. ராணுவப் பணி முடிந்து கோவாவில் சுற்றிய இஸ்ரேல் இளைஞர்கள் வழியாக அந்த நாட்டுக்கும் போய், அங்கே கிட்டத்தட்ட வெகுஜன இசையாகவே ஆனது. ஆஸ்ட்ரல் புரொஜெக்‌ஷன், இன்ஃபெக்டட் மஷ்ரூம் இரண்டும் அங்கிருந்து வந்த குழுக்கள். போர்ச்சுகலில் பூம் என்ற விழா 1997-ல் தொடங்கியது. 2023 அக்டோபர் 7 அன்று காஸா எல்லைக்கு அருகே ஹமாஸ் தாக்குதலில் 350-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட நோவா விழாவும் ஒரு சைட்ரான்ஸ் விழாதான். விடிகாலையில், ஆடிக்கொண்டிருந்தவர்கள் மேல் நடந்த தாக்குதல். இந்த இசையை ஒருமுறைகூடக் கேட்டிராத பலருக்கும் அதன் பெயர் அன்றுதான் தெரியவந்தது. அதே அக்டோபர் 26-ம் தேதி, புற்றுநோயால் கோவா கில் காலமானார்.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவன் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, ஹெட்போனை எடுத்து அம்மாவின் காதில் மாட்டினான். அம்மா முறையாகப் பாட்டு கற்றவர். இன்றும் மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுப்பவர். அவன் போட்டது 90-களின் கோவா டிரான்ஸ் பாட்டு ஒன்று.

"பாட்டு எப்போடா வரும்?"

"வராதும்மா. இதான் பாட்டு."

நாலு நிமிடம் அசையாமல் கேட்டார். பிறகு, "இது தோடி மாதிரி இருக்கே" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "தோடி ஸ்வரம்தான். ஆனா கமகமே இல்லையே, எல்லாம் மொட்டை மொட்டையா நிக்குது" என்றார்.

அவர் சொன்னது சரி. கோவா டிரான்ஸ் அதிகம் பயன்படுத்தும் மேற்கத்திய ஸ்வர வரிசை ஃபிரிஜியன். சின்ன ரிஷபம், சின்ன காந்தாரம், சின்ன தைவதம், சின்ன நிஷாதம். நம் அனுமத்தோடியின் ஸ்வரங்கள் அவைதான். ஆனால் அசைவில்லாத தோடியை எந்த வித்வானும் தோடி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். சிந்தசைசரில் ஸ்வரம் குழையாமல் அப்படியே நிற்கும். குழைவது வேறொன்று. ஃபில்டர் என்ற ஒரு குமிழைத் திருகத் திருக, அதே ஸ்வரம் மூடிய வாயில் முனகுவதில் தொடங்கி, வாய் திறந்து அலறுவது வரை நிறம் மாறும். 'ம்ம்ம்' என்று தொடங்கி மெல்ல 'ஆ' என்று வாயைத் திறந்து பாருங்கள், சுருதி மாறாது, ஒலி மாறும். நம் இசை சுருதியில் செய்யும் அசைவை இவர்கள் ஒலியின் நிறத்தில் செய்கிறார்கள். கேட்கப் பழகவேண்டியது அதைத்தான். அம்மாவுக்கு இதை அவன் விளக்கியபோது, "அதுக்கு எதுக்குடா எல்.எஸ்.டி-னு பேர் வைக்கணும்?" என்று கேட்டார். அதற்கு அவனிடம் பதில் இல்லை.

ராகத்தையும் இந்த மெஷினையும் முதலில் சேர்த்தவர்களில் ஒருவர் இந்தியர் என்பது ரசிகர்களே தாமதமாகத் தெரிந்துகொண்ட விஷயம். மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதில் அவர் பயன்படுத்திய ரோலண்ட் டி.பி 303 என்ற சின்னப் பெட்டிதான், பிற்பாடு உலகம் முழுக்க டிரான்ஸ் இசையில் வழுக்கி வழுக்கி அழும் அந்தச் சத்தத்தின் தாய். அப்போது அந்த ஆல்பத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு ஆனபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பின் ஐந்து வருடம் அவர் இருந்தார் என்பது ஓர் ஆறுதல்.

இதற்காக எல்லா சைட்ரான்ஸும் அற்புதம் என்று அர்த்தமில்லை. நிறைய பாட்டுகள் ஒரே அச்சில் வார்த்த செங்கல்கள். மேடைக்குப் பின்னால் சிவன் படம், நடுவில் அர்த்தம் தெரியாமல் ஒட்டிவைத்த ஒரு 'ஓம்', இதெல்லாம் நமக்குக் கொஞ்சம் நெருடவே செய்யும். புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் நேராக 145 வேகத்தில் குதிக்க வேண்டாம். போஸ்ஃபோர்டும் புல்லாங்குழல் கலைஞர் ராஜா ராமும் சேர்ந்த ஷ்பாங்கிள் குழுவின் 1998 ஆல்பத்தில் தொடங்கலாம். நிதானமான இசை. ராஜா ராம், பெயர்தான் அப்படி, ஆஸ்திரேலியாக்காரர்! அடுத்து இன்ஃபெக்டட் மஷ்ரூமின் 'கிளாசிக்கல் மஷ்ரூம்'. ஒலியை மட்டும் குறைத்து வையுங்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை காதுக்குப் பாதுகாப்பு, 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவுப் பணியில் ஹெட்போன் மாட்டுபவருக்கு அந்த 4 மணி நேரம் ஒரே இரவில் தீர்ந்துவிடும்.

இந்த ஜனவரியில் அவன் கோவா போனான். அம்மா மூன்று நிபந்தனைகள் போட்டார். அறிமுகமில்லாதவர் கொடுக்கும் எதையும், தண்ணீர் உட்பட, வாங்கக் கூடாது. காதில் அடைப்பான் போட வேண்டும். ராத்திரி போன் செய்ய வேண்டும். விடிய விடிய ஆட்டம் என்பதெல்லாம் இப்போது அங்கே பழைய கதை. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதனால் மாலை 4 மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். தென்னந்தோப்பின் ஓரத்தில் உள்ளூர்ப் பெண்கள் டீயும் ஆம்லெட்டும் விற்றார்கள். அஞ்சுனா பார்ட்டிகளில் அந்தக் காலத்திலேயே பாய் விரித்து, மண்ணெண்ணெய் விளக்கு வைத்து விடிய விடிய டீ விற்றது இந்த ஊர்ப் பெண்கள்தான். அவர்களில் வயதான ஒருவரிடம், இந்த இசை பிடிக்குமா என்று அவன் கேட்டான். "எங்க பிள்ளைங்க படிப்புச் செலவு இதுல வந்தது. மத்தபடி தலைவலி" என்றார் அவர், அரைகுறை இந்தியில்.

இருட்டிய பிறகு ஒரு நிமிட வீடியோ எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒளியும் தலைகளும் தவிர அதில் ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு இசை நின்றது. பத்தே காலுக்கு அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"பார்த்தேன்டா. நாப்பது செகண்டுல திஸ்ரத்துக்கு மாத்துறான், கவனிச்சியா? நல்லாருக்கு. நீ இன்னும் போன் பண்ணல."