எதற்குத் தகுதி, யார் கண்டது

வட இந்திய நகரமொன்றிலுள்ள பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணல் முடிந்து சில வாரங்கள் கழித்து முடிவு வெளியானது. இடம் ஒன்றே. அது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. நேர்காணலுக்குச் சென்றவர்களுள் விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, அந்நகரிலேயே தங்கி மொழியியலில் முனைவர் பட்டம் முடித்த பெண் ஒருவரும் இருந்தார். அறிவிப்பில் எவர் பெயரும் இல்லை. பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் இந்தியில் ஆறு சொற்கள் இருந்தன: 'கோயி பி உப்யுக்த் நஹீ பாயா கயா'. எவரும் தகுந்தவராகக் காணப்படவில்லை.

அன்றிரவு ஊரிலிருந்து அப்பா பேசினார். "தகுதித் தேர்வுல தேறிட்டேன்னு அன்னிக்கு ஊரெல்லாம் சொன்னமேம்மா. இப்ப தகுதி இல்லன்னா, அந்தத் தகுதி எங்க போச்சு?"

மகளால் உடனே விடை சொல்ல இயலவில்லை. ஒதுக்கீடு, தேர்வுக்குழு, விதிமுறை என்று ஏதோ சொல்லி முடித்தார். அப்பா கேட்டது விதிமுறையைப் பற்றியல்ல, ஒரு சொல்லைப் பற்றி என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

'நெட்' என்று எல்லோரும் சொல்லும் தேர்வு தமிழில் தேசியத் தகுதித் தேர்வு. நேர்காணலில் தேறாதவரையும் தமிழில் தகுதியற்றவர் என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இவை இரு வேறு சொற்கள். இந்தியிலும் அப்படியே. தேர்வுக்கு உரியது 'பாத்ரதா'. நேர்காணலுக்கு உரியது 'உப்யுக்த்'. முன்னது பாத்திரம், அதாவது கலம் என்னும் சொல்லிலிருந்து வருவது. அன்புக்குப் பாத்திரமானவர் என்று தமிழிலும் வழங்குகிறோமே, அதே கலம். பின்னது 'யுஜ்' என்னும் வேரிலிருந்து வருவது. பூட்டுதல், இணைத்தல், குறிப்பாக நுகத்தில் பூட்டுதல் என்பது அவ்வேரின் பொருள். ஒன்றைக் கொள்ளும் அளவு கலத்துக்கே உரிய இயல்பு. யாரும் அளந்து பார்த்துக்கொள்ளலாம். நுகத்தில் பொருந்துவதோ பக்கத்தில் நிற்கும் மாட்டையும், பூட்டுகிறவரின் மனத்தையும் பொறுத்தது. தமிழில் இந்த இரண்டையும் ஒரே 'தகுதி' சுமப்பதால்தான் அப்பாவின் கேள்வி அவ்வளவு நேராக வந்து விழுந்தது.

அதே 'யுஜ்' வேரிலிருந்து வந்த 'யோக்ய' தமிழுக்குள் வந்து ஒழுக்கத்தைச் சேர்ந்த சொல்லாகிவிட்டது. இந்தியில் யோக்ய என்றால் தகுதி உடையவர். தமிழில் யோக்கியன் என்றால் நாணயமானவன். அந்நகருக்கு வந்த முதலாண்டில், ஏதோ விளையாட்டுப் போட்டிக்கு 'அயோக்ய' என அறிவிக்கப்பட்டவர்களின் பெயர்கள் விடுதிப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தன. அதைப் படித்துத் தமிழ் மாணவிகள் நால்வர் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவரும் அந்நால்வரில் ஒருவர். முடிவு வெளியான இரவில் அந்தப் பலகை நினைவுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை. தேர்வாகாதவரிடம் ஏதோ குறை இருந்திருக்கத்தான் வேண்டும் என்று உலகம் எண்ணுவதற்கு 'அயோக்கியன்' வரை போகவேண்டியதில்லை. 'தகுதியற்றவர்' என்பதே போதும்.

வாக்கியம் பொருள் தருவதற்கு வேண்டியவையாக நியாயவாதிகளும் மீமாம்சகர்களும் சொல்வனவற்றுள் யோக்யதையும் ஒன்று. 'நெருப்பால் நனைக்கிறான்' என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் யோக்யதை இல்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், குறை நெருப்பிடமும் இல்லை, நனைத்தலிடமும் இல்லை. யோக்யதை தனிச்சொல்லின் பண்பன்று. இரண்டுக்கு இடைப்பட்ட உறவு. தமிழின் 'தகு'வும் அப்படித்தான்: நான்காம் வேற்றுமையைத் துணைக்கழைக்காமல் பெரும்பாலும் நிற்காது. விரலுக்குத் தகுந்த வீக்கம், வயதுக்குத் தகாத பேச்சு, பணிக்குத் தகுந்த ஆள். 'அவர் தகுதியானவர்' என்று மட்டும் சொன்னால் 'எதற்கு?' என்று கேட்கத் தோன்றுகிறது. அறிவிப்பின் ஆறு சொற்களில் அந்தக் 'கு' இல்லை. எழுவாயாக வரவேண்டிய குழுவும் இல்லை. செயப்பாட்டுவினை அதை விழுங்கிவிட்டது. காணப்படவில்லை என்றால், காணாதவர் யார்?

கண்டவர்களுக்குக் கிடைத்த நேரம் 12 நிமிடம். இரண்டு கேள்விகள் ஆய்வேட்டைப் பற்றியவை. ஒன்று ஊரைப் பற்றியது. இன்னொன்று, இந்தியில் பாடம் நடத்த இயலுமா என்பது. இயலும் என்று இந்தியிலேயே சொன்னார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பட்டங்களுக்கும் கட்டுரைகளுக்கும் தரப்படும் மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே பயன்படும். தேர்வு நேர்காணலை மட்டுமே பொறுத்தது. ஆக, பத்தாண்டுப் படிப்பு வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே அந்த 12 நிமிடம்தான். ஒதுக்கீட்டு இடங்களில் இந்த ஆறு சொற்கள் திரும்பத் திரும்ப வருவதை ஆசிரியர் அமைப்புகள் நெடுங்காலமாகக் கண்டித்து வருகின்றன. ஒருவரும் தேறாத ஆண்டுகள் இருக்கலாம். ஆனால் அப்படியெனில் எதில் தேறவில்லை என்று ஒரு வரி எழுதுவதில் என்ன தடை?

பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து க்ஷேமேந்திரர் ஔசித்தியமே கவிதையின் உயிர் என்றார். மேகலையைக் கழுத்திலும் மாலையை இடையிலும் அணிந்தால் நகைப்புக்கிடமாகும் என்பது அவர் தரும் விளக்கம். அழகான கோட்பாடு, ஆனால் எது எங்கே இருக்கவேண்டும் என்பதில் எல்லோரும் முன்பே உடன்பட்டிருக்கவேண்டும். நன்னூல் இந்த இடத்தில் இன்னும் கூர்மையானது. தகுதி வழக்கு என்று ஒன்றை வகுத்து, அதனுள் இடக்கரடக்கலை வைக்கிறது: அவையில் சொல்லத்தகாததை மறைத்து வேறு சொல்லால் சொல்வது. தேர்வுக்குழுவின் வாக்கியத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று வகுப்பறையில் கேட்டால் மாணவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

அப்பா வைத்த பிறகு அம்மா ஒருமுறை அழைத்தார். அதிகம் பேசவில்லை. "இது அந்த ஆண்டவனுக்கே அடுக்காது" என்றார். 'அடு' என்பதும் பொருந்துதலைக் குறிக்கும் பழைய வினைதான். அம்மாவின் வாக்கியத்தில் நான்காம் வேற்றுமை இருந்தது. மகளைத் தவிர்த்து, மேலே இருப்பவரின் மீது அது சரியாகப் போய் உட்கார்ந்திருந்தது.

அதே இடம் இப்போது மறுபடி விளம்பரப்படுத்தப்பட்டிருக்கிறது. கடைசி நாளுக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது. படிவத்தில் 'பாத்ரதா' என்ற பகுதியை அவர் நிரப்பி முடித்துவிட்டார்.