மண்டபத்துச் சாவி

காலைத் திருப்பலிக்குப் பின் கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை கடற்கரை ஓரமாக நடந்து வருவது நம் நெடுநாள் வழக்கம். 1959 இல் நிறுவப்பட்ட அச்சிலையில் பாறையைப் பெயர்க்கப் போராடும் நால்வரைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறோம். நின்று பார்த்தது அண்மையில்தான்.

அதற்கு அருகே, திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான், 1923 இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். மீனவக் குடியில் பிறந்த வழக்கறிஞர் அவர். இறைமறுப்பாளர் என்பதால் நம் மறையுரைகளில் அவர் பெயர் வந்ததில்லை. 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்க்க முனைந்த கம்பெனி, கைத்திறன் தேர்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்ப எண்ணியது. ஆண்டுக்கணக்கில் இஞ்சின் பழுது பார்த்த கைகளுக்குத் தேர்வாம்! அம்மாத இறுதிக்குள் போராட்டம் ஒடுக்கப்பட்டது. 68 வயதுச் சிங்காரவேலர் சிறை சென்று 1930 இல்தான் மீண்டார்.

அதே காலத்தில் அமெரிக்க இரயில்களின் படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பின மக்களைப் பயணிகள் 'ஜார்ஜ்' என்றே அழைத்தனர். அது கம்பெனியை நிறுவிய ஜார்ஜ் புல்மனின் பெயர். அடிமையை எசமான் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம். 1925 இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டனர். 1937 இல்தான் கம்பெனி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. கம்பெனியின் ஆதரவை இழக்க அஞ்சிய போதகர் பலர் தொடக்கத்தில் சங்கத்தை எதிர்த்தனர். இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வீட்டு வேலை செய்யும் நம் பங்குப் பெண்கள் சிலர் மண்டபம் கேட்டு வந்தனர்.

"எதற்கம்மா?"

"சங்கமா சேரத்தான் ஃபாதர். வாரத்துல ஒரு நாள் லீவு கேக்கணும்."

அவர்களை வேலைக்கு வைத்திருந்தோருள் சிலர் நம் கோவிலின் முன்வரிசையினர். கூரையைப் புதுப்பிக்கப் பணம் தந்தவர்கள். பங்குப் பேரவையில் கேட்டுச் சொல்கிறோம் என்றோம். பேரவை இருமுறை கூடியது. நாம் வாய் திறக்கவில்லை. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையைப் பற்றித் திருத்தந்தை 13ஆம் லியோ 1891 இல் எழுதிய சுற்றுமடலில் குருமடத் தேர்வெழுதி, நல்ல மதிப்பெண் வாங்கியவர்தாம் நாம்.

அவர்கள் மீண்டும் கேட்கவில்லை. தெருமுனை வேப்பமரத்தடியில் கூடியதாகக் கேள்விப்பட்டோம்.

சென்ற மாதம் அவர்களுள் மூத்தவரைக் கோவில் வாசலில் நிறுத்தி, ஞாயிறு மாலை மண்டபத்தைத் திறந்து தருகிறோம் என்றோம்.

"ஞாயித்துக்கிழமை இப்ப எங்களுக்கு லீவு ஃபாதர். புள்ளைங்களோட இருப்போம். சனிக்கிழமை தர்றீங்களா?"

பதிவேட்டைத் திறந்து, யார் பெயரில் எழுதட்டும் என்றோம். இத்தனை ஆண்டுகள் அவர் நாவில் நற்கருணை வைத்த நமக்கு, அவர் பெயர் அதுவரை தெரியாது.