நின்றால் சூடேறும் கமாரோ

ஜூலை 19, 2025, சனி. ராயல் ஓக், மிச்சிகன்

என் 1969 கமாரோ கார் ஹைவேயில் சமர்த்தாக ஓடுகிறது. சிக்னலில் நின்றால் வெப்பநிலை முள் ஏறுகிறது. இன்று உட்வர்ட் அவென்யூவில் 230 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 110 செல்சியஸ். தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி, ரேடியேட்டரில் 15 பிஎஸ்ஐ மூடி. அந்த அழுத்தத்தில் கொதிநிலை 129 செல்சியஸ் வரை போகும் என்பதால் பொங்கவில்லை.

முன்பு வைத்திருந்தவர் பழைய 350 இன்ஜினை இறக்கிவிட்டு, சில்வராடோ பிக்கப்பின் 5.3 லிட்டர் எல்எஸ் இன்ஜினை ஏற்றியிருக்கிறார். ரேடியேட்டர் மட்டும் அதே பழைய செம்பு–பித்தளைதான்.

ஜூலை 20, ஞாயிறு

ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வந்து பார்த்தார். வேகத்தில் சூடேறினால் ரேடியேட்டரின் திறனைப் பார், நிற்கும்போது ஏறினால் காற்றைப் பார் என்பது அவர் கணக்கு. ஓடும் காருக்குக் காற்று சும்மா கிடைக்கிறது; நின்ற காருக்கு ஃபேன் இழுப்பதுதான். ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை ஃபேனுக்கு வழிகாட்டும் உறையான ஷ்ரவுடே இதில் இல்லை. ஒற்றை எலக்ட்ரிக் ஃபேனை நேரே ரேடியேட்டரில் கட்டியிருக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் மட்டும் காற்று போகிறது, மூலைகள் சும்மா கிடக்கின்றன.

ஜூலை 26, சனி

ஃபேனோடு ரேடியேட்டரையும் மாற்றிவிடலாம் என்று பழையதைக் கழற்றினேன். கழற்றும்போதுதான் அது கண்ணில் பட்டது: சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் விரல் பருமன்கூட இல்லாத ஹோஸ், அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தது. எல்எஸ் இன்ஜினில் ஹெட்டின் மேல்மூலையில் சேரும் ஆவியும் காற்றும் வெளியேற அது ஒன்றுதான் வழி. அடைத்தால் ஏர் லாக். அந்த இடத்தில் உலோகம் தனியாகச் சுடும், கேஜும் ஏதாவது ஒன்றைக் காட்டும். புதிய ரேடியேட்டரின் பக்கத் தொட்டியில், உச்சியில் இதற்கென்றே ஒரு துளை உண்டு.

ஆகஸ்ட் 2, சனி

புதிய ரேடியேட்டர் அலுமினியம், இரண்டு வரிசைக் குழாய்கள். செம்புதான் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பிறகு ஏன் அலுமினியம்? அதன் குழாய்களை ஓரங்குல அகலத்துக்குச் செய்யலாம், அழுத்தத்தைத் தாங்கும், ஃபின்னோடு ஒட்டும் பரப்பும் கூடும். நான்கு வரிசை செம்பில் பின்வரிசைகளுக்கு வருவது முன்வரிசைகள் ஏற்கெனவே சூடாக்கிய காற்று.

எல்எஸ் வாட்டர் பம்பில் நீர் வெளியேறும் வாயும் திரும்பி வரும் வாயும் ஒரே பக்கம், டிரைவருக்கு வலப்புறம். பழைய ரேடியேட்டரில் மேல் ஹோஸ் ஒரு பக்கம், கீழ் ஹோஸ் மறுபக்கம். அதனால்தான் அதில் ஒரு ஹோஸ் சுற்றி வளைந்து கிடந்தது. புதியதில் இரண்டும் வலப்புறமே. தொட்டிக்குள் ஒரு தடுப்புத் தகடு. நீர் மேல்பாதி வழியாக இடப்பக்கம் போய், கீழ்ப்பாதி வழியாகத் திரும்பும். தகடு இல்லாவிட்டால் சுடுநீர் உள்ளே வந்த கையோடு குறுக்கு வழியில் இன்ஜினுக்கே ஓடிவிடும்.

ஆகஸ்ட் 9, சனி

முழு ஷ்ரவுட், இரட்டை ஃபேன், தனித்தனி ரிலே. ஓடும் வேகத்தில் காற்று தடைபடாமல் போக ஷ்ரவுடில் ரப்பர் மடல்கள். இன்ஜினை ஐடிலில் விட்டு, ஒரு தாளை ரேடியேட்டரின் முன் மூலையில் வைத்தேன். பச்சென்று ஒட்டிக்கொண்டது. நான்கு மூலையிலும் அப்படியே.

ஆகஸ்ட் 16, சனி

பழைய கார்கள் ஊரும் உட்வர்ட் டிரீம் குரூஸ். 1995இல் ஃபெர்ண்டேலில் கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது, இன்று ஊர்வலம்போல் ஊர்கிறது. நடப்பவர்கள் நம்மை முந்துகிறார்கள். ஃபேனுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. முள் 200ஐத் தாண்டவில்லை, செல்சியஸில் 93.

ஆனால் இரண்டு ஃபேனும் சுற்றும்போது ஹெட்லைட் மங்குகிறது. 1969 காலத்து வயரிங் விளக்குக்கும் ஹீட்டருக்கும் ரேடியோவுக்கும் போட்டது. அதன்மேல் இந்தச் சுமையையும் ஏற்றியாகிவிட்டது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த வயராக இழுக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வேலை அதுதான்.