புதன்கிழமை பேஸ்

வாரக் கடைசியில் ஆடப் போகிறவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. புதன்கிழமை ராத்திரி போகிறவர்கள்தான் எனக்குப் பிடிபடுவதில்லை. மறுநாள் வேலைவெட்டி இருக்காதா? ஆனால் லாஸ் ஏஞ்சலஸின் லிங்கன் ஹைட்ஸ் பகுதியில், ஏர்லைனர் என்ற பாரில், 2006-லிருந்து 2018 வரை புதன்தோறும் கூட்டம் கூடியிருக்கிறது. 'லோ எண்ட் தியரி' என்று பெயர். டாடி கெவ் ஆரம்பித்தது. ஹிப்-ஹாப்பும் எலெக்ட்ரானிக் இசையும் கலந்த புதுச் சரக்கை ஃப்ளையிங் லோட்டஸ் மாதிரி ஆட்கள் அங்கே போட்டுப் பார்த்தார்கள். 2011-ல் ரேடியோஹெட்டின் தாம் யார்க்கே வந்து டிஜே வேலை பார்த்துவிட்டுப் போனார்.

நான் அங்கே போனதில்லை. என்னை இழுத்தது பெயர்தான். 1991-ல் வந்த 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' ஹிப்-ஹாப் குழுவின் ஆல்பத்துக்கும் அதே பெயர். அதில் ஒரு பாட்டுக்கு ரான் கார்ட்டர் பேஸ் வாசித்திருக்கிறார் என்று தெரிந்ததிலிருந்து அந்த ஆல்பத்தின்மேல் தனிப் பிரியம்.

அறுபதுகளில் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்த அதே கார்ட்டர். இந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு 50 தாண்டிவிட்டது. கூப்பிட்ட பையன்களுக்கு இருபது, இருபத்தொன்று. வருகிறேன், ஆனால் பாட்டில் கெட்ட வார்த்தை இருக்கக் கூடாது என்றாராம். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதே 'சீட்டுக்கட்டு என் கண்ணில் படக் கூடாது' என்று சொல்லி அனுப்புகிற பெரியப்பா மாதிரி. ஹிப்-ஹாப்காரர்கள் பழைய இசைத்தட்டிலிருந்து பேஸை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. இசைத்தட்டு நிபந்தனை போடாது. உயிரோடு இருக்கிற வித்வான் போடுவார். பையன்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பாட்டைக் கேட்டால், மேலே பேச்சு எவ்வளவு துள்ளினாலும் கீழே டபுள் பேஸ் அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும், அவசரமே படாமல்.

ஏர்லைனரில் ஓடியது இந்த மரப்பெட்டி பேஸ் இல்லை, மெஷின் பேஸ். அது காதுக்கு முன்னால் விலா எலும்புக்கு வந்து சேரும் ஜாதி. பின்சீட்டுக்கு அடியில் ஊஃபர் வைத்த ஷேர் ஆட்டோவில் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்த மாதிரித் தாழ்ந்த ஒலியை வைத்துக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு விஷமம் செய்தார்கள். ஆர்ஃபெக்ஸ் என்ற இரட்டையர் எலெக்ட்ரானிக் கச்சேரி நடத்திக்கொண்டிருக்கும்போதே, காதுக்கு எட்டியும் எட்டாத தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிஷத்துக்கு ஒருமுறை போட்டார்கள், அணைத்தார்கள். ரசிகர்கள் தலையில் கட்டியிருந்த பட்டையை வைத்து அசைவை அளந்தார்கள். ஸ்பீக்கர் ஓடிய நேரமெல்லாம் 11.8 சதவீதம் கூடுதலாக ஆடியிருக்கிறார்கள். போட்டதும் அணைத்ததும் அவர்களுக்குத் தெரியவே இல்லை. 2022-ல் இந்த ஆய்வு வெளியானது. 'பாட்டு நன்றாயிருந்தது, ஆடினேன்' என்று ஒவ்வொருவரும் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள். ரசனை என்று நாம் பெருமை பேசுவதில் எத்தனை பங்கு இப்படித் தரை வழியாக வந்ததோ!

லோ எண்ட் தியரியின் பழைய வீடியோக்களைப் போனில் பார்ப்பதுண்டு. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் தட்டலும் கூச்சலும் வரும், பேஸ் மட்டும் வராது. எதற்காகக் கூடினார்களோ அதைத் தவிர மிச்சமெல்லாம் கேட்கும். எட்டிப் பார்த்த மனைவி, "எதுக்கு இப்படிக் குதிக்கிறாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. மகனின் ஊஃபரில் இணைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். பதில் அவளிடமிருந்து வரவில்லை. கீழ் வீட்டுக்காரர் மாடியேறி வந்து சொன்னார்.