குதிரையின் உயரம்

என் தாத்தா, தேயிலைத் தோட்டத்துத் துரையின் குதிரையைக் கடிவாளம் பிடித்து நிறுத்தியவர். ஆளெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு கொழுந்துக்காரிக்கு நாள் கூலிக்கான பேர் போடாமல் விட்டதைத் தட்டிக் கேட்கத்தான் அப்படிச் செய்தாராம். அப்பாயி சொல்லச் சொல்ல அந்தக் குதிரை வருஷத்துக்கு ஒரு முழம் வளர்ந்தது. பதுளை டவுனில் வேலை பார்த்த சித்தப்பாதான் ஒருநாள் போட்டு உடைத்தார்: “அவரு காலத்துல நம்ம தொரகிட்ட ஏது குதிர? மோட்டார் சைக்கிள்தான்.”

வீரமாமுனிவரின் வாழ்க்கை வரலாற்றையும் அதற்கு எழுந்த மறுப்புகளையும் படிக்கும்போது இந்தக் குதிரை குறுக்கே வந்து நிற்கும். 1680இல் இத்தாலியில் பிறந்த சேசு சபைத் துறவி அவர். சூசையப்பரைத் தலைவனாக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர். அவருடைய சுவடிகளைத் தேடிவர ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரை அனுப்பிய முத்துசாமிப் பிள்ளைதான் 1822இல் அவர் சரித்திரத்தை எழுதினார். அந்த வழியில் வந்த கதையில் முனிவர் பல்லக்கில் போகிறார். புலித்தோல் ஆசனம், மயிற்பீலி விசிறி. திருச்சியை ஆண்ட சந்தா சாகிபைக் காண மூன்றே மாதத்தில் பாரசீகம் கற்று, அவருக்குத் திவானும் ஆகிறார்.

பின்னால் வந்தவர்கள் அதைச் சும்மா விடவில்லை. 1918இல் பெஸ் பாதிரியார் முனிவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். திவான் பதவிக்குச் சான்று எங்கே என்ற கேள்வி எழுந்தது. 1742இல் மணப்பாட்டில் இறந்தார் என்ற பழைய கூற்று போய், 1747, அம்பலக்காடு என்றானது.

அப்புத்தளை அடிசம் மடத்துக்கு ஜாம் வாங்கப் போகும்போதும் இதுவே மனதில் ஓடும். வில்லியர்ஸ் துரை 1931இல் கட்டிய கருங்கல் மாளிகை அது. இன்று ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் அங்கே செபிக்கிறார்கள். கொய்யா ஜெலியும் நெல்லிரசமும் விற்கிறார்கள். போத்தலை நன்றாகத் துடைத்து, பேப்பரில் சுற்றி, மீதிச் சில்லறையை எண்ணித் தருகிற அந்தக் கைகளைப் பார்க்கையில் துறவிக்குப் பல்லக்கு எதற்கு என்றுதான் தோன்றும். ஆனால் துரை, குதிரை, குடைபிடிக்க ஆள் என்று பெருமையின் அடையாளங்களைத் தூரத்திலிருந்தே பார்த்த சனம், தனக்குப் பிடித்தவரை வேறு எதில் ஏற்றும்?

வேடிக்கை என்னவென்றால், இதை முனிவரே எழுதிவைத்துவிட்டார். குருவென்றால் குதிரை வேண்டுமென்று பூசணிக்காயைக் குதிரை முட்டையாக நம்பி வாங்கிய பரமார்த்த குருவின் சீடர்கள் அவர் படைப்புத்தான். அப்படிச் சிரித்தவரையே சீடர்கள் பல்லக்கில் ஏற்றிவிட்டார்கள்.

அதனால் முத்துசாமிப் பிள்ளையைப் பொய்யர் என்று தள்ள எனக்கு மனமில்லை. சுவடிகளைத் தேடி அலைந்த மனிதர் அவர். திருத்தியவர்கள் மீதும் கோபமில்லை. பல்லக்கை எடுத்துவிட்டாலும் தேம்பாவணி அப்படியே இருக்கிறது. முனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியும் இருக்கிறது.

சித்தப்பா உடைத்துச் சொன்ன அன்று அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. இடித்துக்கொண்டிருந்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “அப்ப அந்த மோட்டார் சைக்கிளத்தான் நிறுத்தியிருப்பாரு. அவளுக்குப் பேரு விழுந்துச்சில்ல?”