வலிப்புக்காகக் காத்துக் கிடந்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெயரை எழுதவில்லை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள நம் ஊர்களில் வலிப்பு பற்றி இன்னும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறார்கள். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இடம் தந்த வாசகத்தை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இல் நீக்கினார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் மனத்திலிருந்து அது இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்த நன்றியை ஊரறியச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் மூளை நரம்பியல் படிக்கிறேன். வலிப்புக்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ எழும்பும் என்று புத்தகத்தில் ஒற்றை வரிதான் இருந்தது. “ஊஞ்சலு கீழ எறங்கும்ப அடிவயிறு கூசும்லா, அது அப்பிடியே நெஞ்சுக்கு ஏறும். நடக்கதெல்லாம் முன்னயே நடந்தது போல இருக்கும். பெறகு ஒண்ணும் தெரியாது” என்றீர்கள். அன்றைக்குத்தான் அந்த வரி எனக்குப் புரிந்தது.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் 1995 முதல் வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அறுவைக்கு முன் வீடியோ ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டும். தலை முழுக்க வயர் ஒட்டி, கேமரா முன் படுக்கவைத்து, மாத்திரையைக் குறைப்பார்கள். வலிப்பு வந்தால்தான் அது மூளையில் எங்கே கிளம்புகிறது என்று தெரியும். எதற்குப் பயந்து சந்தைக்கும் கோயிலுக்கும் போகாமல் இருந்தீர்களோ, அது வரட்டும் என்று நீங்களே காத்துக் கிடந்தீர்கள். எங்கள் பாடத்தில் வரும் வலிப்பு அலைக்கோடுகளில் பல இப்படிக் காத்துக் கிடந்தவர்கள் தந்தவை.

அங்கே ஒரு கதையைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னது எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா? 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு, வலிப்பை நிறுத்த, மூளையில் புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸில் இருபக்கமும் பெரும்பகுதியை எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக நடப்பது எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் எத்தனையோ வருடம் அவரைச் சந்தித்தார். ஒவ்வொரு முறையும் அவர் ஹென்றிக்குப் புது ஆள்தான். அப்படியும் 2008-இல் இறக்கும்வரை, வந்த ஆய்வாளர்களுக்கெல்லாம் ஹென்றி பொறுமையாக ஒத்துழைத்தார். ஹென்றிக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகுதான், ஒரு பக்கத்தில் கைவைக்கும் முன் மறுபக்கம் நினைவைத் தாங்குமா என்று பார்க்கும் வழக்கம் வந்தது. அறுவைக்குப் பிறகும் நேற்று நடந்தது இன்று உங்கள் நினைவில் நிற்பதில் அவருக்கும் பங்கு உண்டு. அவரிடம் இனி நன்றி சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

ஓண லீவுக்கு வருகிறேன். ஈ.ஈ.ஜி. ரிப்போர்ட்டை எடுத்து வையுங்கள் அக்கா. எந்தக் கோடு என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து விளக்குகிறேன்.

உங்கள் தம்பி